உங்கம்மா ஒட்டிவிட்டுப் போன அம்புகள்

வீரபாண்டி, திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அபிராமிக்கு உன் அப்பா ராசப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லியும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை அருள்குமாரும் பாப்பாவும், உங்கள் மூன்று பேரையும் மேய்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மாவும் அதே மாதிரி சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டதைப் போனில் பார்த்தேன். இனி திரும்பி முறைக்கப் பழகிக்கொள்ளும், பக்கத்திலேயே உங்கம்மா என்று நல்ல வாத்தியார் இருக்கிறாள்.

தினம் போனில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் பனியன் கம்பெனி மேனேஜரின் மருமகள் அமெரிக்காவுக்கு, உங்கள் ஊருக்கே வருகிறாளாம், பொட்டலம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் ராசப்பண்ணா என்று மேனேஜர் சொன்னார். எள்ளுருண்டையும் பருப்புப்பொடியும் கட்டும்போது இதையும் உள்ளே சொருகலாம் என்று தோன்றியது. இன்னொன்று, போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய் கண்ணு. ஒரு பக்கம் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு பக்கம் உங்கம்மா கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கூட்டம் கூடிவிட்டால் என் வாயில் கிண்டலைத் தவிர வேறொன்றும் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். போன ஞாயிறும் அப்படித்தான் ஆயிற்று. கார்த்திகையில் போட்டிருக்கிற அம்மா டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு, தை கடைசி வரைக்கும் இங்கேயே வெச்சுக்கட்டுங்களாப்பா, நான் வேலைக்குத் திரும்பிட்டா பாப்பாவைப் பாக்க ஆள் வேணுமுங்க என்று நீ கேட்டாய். தை என்ன கண்ணு, சித்திரை வரைக்கும் வெச்சுக்க, எனக்கு இப்பத்தான் காது ரெண்டும் ஆறியிருக்குது என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய், மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரித்தேன். உங்கம்மா மட்டும் நிமிராமல் கேரட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் போனை வைத்துவிட்டோம். கண்ணு, நான் சொன்னது பதில் இல்லை. அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு நீ டிக்கெட்டில் கை வைத்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐப்பசி முடிவதற்குள் மாற்றினால் போதும் என்று சொன்னாயே, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து, கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில் இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து அரிசியைக் குக்கரில் போட்டுவிட்டு விசிலை எண்ணுகிறேன், எண்ணும்போதே டிவியில் செய்தி ஓடும், கணக்குத் தப்பிவிடும், அதனால் சில நாள் சோறு, சில நாள் கஞ்சி. எது வந்தாலும் அதுதான் அன்றைக்குச் செய்ய நினைத்தது என்று சொல்லிக்கொள்வேன். அப்புறம் மகுடேஸ்வரன் டீக்கடை. அங்கே பேப்பர் படிப்பது இப்போது என் வேலை ஆகிவிட்டது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன், ஆனால் நடுநடுவே என் கைச்சரக்கைச் சேர்த்துப் படிப்பதால் நாலு பேர் நின்று கேட்கிறார்கள். யானை ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசி தின்ற செய்தி வந்தது, அது கைரேகை வைக்காமல் வாங்கிப் போய்விட்டதாக அதிகாரிகள் வருத்தத்தில் இருக்கிறார்கள் என்று சேர்த்துப் படித்தேன். என்கூட அயர்ன் டேபிளில் நிற்கிற முனீஸ், சங்கரன்கோயில் பக்கத்து ஆள், நெசமாவே அப்படிப் போட்டிருக்கா, இல்ல நீங்களா அடிச்சு விடுதீங்களாண்ணே என்று பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தான். தங்கம் விலை வந்த பக்கத்தை மட்டும் நான் சத்தமில்லாமல் திருப்பிவிடுவேன். உங்கம்மா இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எனக்கு முன்னால் வைத்திருப்பாள்.

உங்கள் ஊர்க்காரர்கள் நம் துணிக்கு வரியை ஏற்றிய செய்தி வந்தபோதும் நான்தான் படித்தேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, நானும் ஒன்றும் சேர்க்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக ஆர்டர் நின்றது. எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட் ஆகிவிட்டது. நீ பதறாதே, வேலை இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை, ஐரோப்பாவுக்குப் போகிற பீஸ் இன்னும் ஓடுகிறது. சம்பளத்தைக் கூடச் சமாளித்துவிடலாம், அந்தச் சாயங்காலத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. முன்பெல்லாம் எட்டரைக்கு விட்டால் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். இப்போது ஐந்தரைக்கே வெளியே தள்ளிவிடுகிறார்கள். வெயில்கூட இறங்கியிருப்பதில்லை. பூட்டைத் திறந்து உள்ளே வந்தால், காலையில் நான் கவிழ்த்து வைத்த டம்ளர் கவிழ்த்த இடத்திலேயே இருக்கிறது. வேலாத்தா, டம்ளரு உன்னைக் கேக்குது என்று ஒரு நாள் உங்கம்மா பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு யாராவது வைய வேண்டாமா. நான் பேசுகிற பேச்சுக்குத் திருப்பி வைவதற்கென்றே ஒருத்தி இருந்தாள், அவள் இல்லாமல் பேசினால் பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கிறது. செய்தி வாசிக்கிற பொண்ணைக் கிண்டல் பண்ணிப் பார்க்கிறேன், அது பாட்டுக்கு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது.

பொழுது போவதற்குப் புதிதாக ஒரு வேலை பிடித்திருக்கிறேன், சிரிக்காதே. கம்பெனியில் கழிக்கிற கட்டிங் வேஸ்ட் துணியை ஒரு பை கேட்டு வாங்கி வந்து, உங்கம்மா மிஷினில் உட்கார்ந்து பாப்பாவுக்குப் பொம்மை தைக்கிறேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் தைத்ததைத் தேய்த்தே பழக்கம், தைப்பது இவ்வளவு கோணலாகப் போகும் என்று தெரியாது. பொட்டலத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கும் பார், அது யானை. தும்பிக்கை குட்டையாகிவிட்டது, காது ஒன்று பெரிதாகிவிட்டது. முனீஸ் பார்த்துவிட்டு, பன்னி நல்லாருக்குண்ணே என்றான். பாப்பாவுக்கு யானை என்றே சொல்லிக் கொடு, அதுவாக வளர்ந்து உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும். தையல் தெறிக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கையில் கொடு, பஞ்சை வாயில் வைத்துவிடப் போகிறது.

உங்கம்மா கிளம்பும் முன்னால் செய்த காரியம் ஒன்று உனக்குத் தெரியாது. நீ படிப்பு படிப்பு என்று கம்பெனிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் வளர்ந்தவள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். செக்கிங் டேபிளில் பீஸைப் பார்க்கும்போது ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்தப் பீஸ் ரிப்பேருக்குப் போகும். சரி செய்தவன் அந்த அம்பில் கை வைக்கக் கூடாது. ஒட்டினவளே மறுபடி பார்த்து, சரிதான் என்று பட்டால் அவளே உரிக்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். உங்கம்மா அத்தனை வருஷம் அந்த டேபிளில் நின்றவள் ஆயிற்றே, ஊருக்குக் கிளம்பும் முன் அம்புச் சுருளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்துவிட்டாள். சொட்டுகிற குழாயில் ஒன்று, ஆடுகிற சுவிட்சில் ஒன்று, மூடாத பீரோவில் ஒன்று, பாத்ரூம் தாழ்ப்பாளில் ஒன்று, கிழிந்த கொசுவலையில் ஒன்று. நான் வர்றதுக்குள்ள எல்லாம் சரியாகியிருக்கோணுமுங்க, அம்பை உரிச்சு வெச்சு ஏமாத்தக் கூடாதுங்க என்று சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினாள்.

தினமும் போனில் நீங்கள் எல்லோரும் பேசி முடித்த பின் கடைசியாக அவள் ஒன்று கேட்பாள், நீயும் கவனித்திருப்பாய். ஏனுங்க, குழாய் என்னாச்சுங்க என்பாள். ஒரு நாள் குழாய், ஒரு நாள் தாழ்ப்பாள். நான் நாளைக்கு நாளைக்கு என்று சொல்வேன். அப்பாவுக்குச் சோம்பேறித்தனம் என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். கண்ணு, குழாயெல்லாம் அவள் போன முதல் வாரமே சரி பண்ணிவிட்டேன். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் மறுநாள் அவள் என்ன கேட்பாள் சொல். அதனால்தான் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. அம்புகள் எல்லாம் ஒட்டின இடத்தில் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் பிடிக்கப் போனால் ஒன்று காட்டுகிறது, லைட் போடப் போனால் ஒன்று காட்டுகிறது, உங்கம்மா விரலை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும்.

அம்புகளில் ஒன்று ஷேவிங் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் நின்றால் நேராக என் நெற்றியைக் காட்டும். கண்ணாடியில் கீறல் இல்லை, மங்கல் இல்லை. ஆகக் குறை எனக்குத்தான், போகிற போக்கில் ஒரு குத்து குத்திவிட்டுப் போயிருக்கிறாள், என்னிடம் பழகி அவளுக்கும் கிண்டல் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. தினமும் அதற்கு நேராக நெற்றியை வைத்து நின்றுகொண்டு, இன்னைக்கு என்ன குறை கண்டே என்று கேட்டுவிட்டுத்தான் ஷேவிங். மீசையைக் குறைத்துப் பார்த்தேன், தலைக்கு வாராவாரம் அடிக்கிற கறுப்பு டையை விட்டுப் பார்த்தேன். போன திங்கட்கிழமை, அதாவது நீ டிக்கெட் பற்றிக் கேட்டதற்கு மறுநாள், முகத்தில் சோப்போடு நிற்கும்போது கண்ணாடி அப்படியே கழன்று கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. ஆணி லொடலொடத்துப் போயிருந்திருக்கிறது. அவள் அம்பு ஒட்டியது அந்த ஆணிக்கு. என்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து நான் ஆணியைத் தொட்டே பார்க்கவில்லை. சில்லுகளைக் கூட்டும்போது சிரிப்பு வந்தது, கூட்டி முடித்த பின் வரவில்லை. இத்தனை நாள் தினம் காலையில் என்னிடம் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஆணியிடம் பேசியிருக்கிறாள். சோப்பு முகத்தில் காய்ந்து இழுக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக்குப் பாதி ஷேவிங்கோடு போனேன். முனீஸ் என்னண்ணே பாதிதான் கரண்டு இருந்துச்சா என்று கேட்டபோதும் குனிந்து பீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், அவன் பயந்துபோய் டீ வாங்கி வந்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை டிவியில் உங்கள் நாட்டில் பனிப்புயல் என்று காட்டினார்கள். அது உங்கள் ஊரிலிருந்து நாலு நாள் கார் ஓட்டினால் வருகிற இடம் என்று நீ எத்தனை தடவை சொன்னாலும், அமெரிக்கா என்று காதில் விழுந்தால் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்கத்தான் செய்கிறேன். அந்த நேரத்துக்குச் சரியாகப் போன் அடித்தது. உன் மாமியார் சாரதாமணியம்மா. ஏனுங்க சம்பந்தி, அங்க பனிப்புயலாமுங்க, நம்ம புள்ளைகளுக்கு ஒண்ணுமில்லீங்களே என்று கேட்டார். அமெரிக்கா என்று செய்தி வந்தால் அந்தம்மா எனக்குப் போன் போடுவது வழக்கம். வரி ஏற்றியதற்குப் போட்டார், எங்கேயோ ரோட்டில் கரடி வந்ததற்குப் போட்டார். பெற்ற மகனுக்கே போட்டுக் கேக்கலாமுங்களே என்று நான் வேடிக்கையாகச் சொன்னதற்கு, அவன் வேலையில இருப்பானுங்க, தொந்தரவு பண்ணக்கூடாதுங்க என்றார். காது ஆறிவிட்டது என்று நான் சொன்ன அதே குரலாக இருந்தது அது. கண்ணாடி விழுந்த வாரம் வேறு. அதனால் இன்றைக்குக் காலையில் நீங்கள் யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் பழைய பஸ் ஸ்டாண்டு போய், தாராபுரம் பஸ் ஏறி உன் மாமியார் வீட்டுக்கு அவிநாசிபாளையத்தில் இறங்கிவிட்டேன்.

வாங்க வாங்க என்று காபி கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா போனதற்கப்புறம் அந்த வீட்டில் அவர் ஒரு ஆள்தானே. மாடு இரண்டையும் போன ஆவணியிலேயே விற்றுவிட்டாராம், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சுவரில் இரண்டு கடிகாரம் இருந்தது. ஒன்று நேரம் தப்பாகக் காட்டியது, பேட்டரி வாங்கிப் போடட்டுங்களா என்று கேட்டேன். அது சரியா ஓடுதுங்க, அது அருளு ஊரு நேரமுங்க என்றார். பேத்தி இப்ப தூங்கியிருக்கும், இன்னும் செத்த நேரத்துல பாலுக்கு அழுகும் என்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். நான் பேச்சு வாக்கில், நீங்க ஒரு தடவை போய் வந்தவங்க தானுங்களே, போய்ப் பேத்தியைப் பாத்துட்டு வரலாமுங்களே என்றேன். அப்போது போட்ட விசா இன்னும் பல வருஷத்துக்கு இருக்கிறதாம், அதை உடனே சொன்னார். அப்புறம் என் காபி டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பின்னால் சொன்னார், மொதப் பிரசவம் பொண்ணு ஊட்டுக்காரங்க பாக்கறதுதானுங்களே மொறை, அதுல நாம போய் நடுவுல நிக்கக்கூடாதுன்னு இருந்தேனுங்க, புள்ளை பொறந்து மாசக்கணக்காச்சு, அத்தை நீங்களும் வாங்கன்னு ஒரு வார்த்தை வருமுன்னு பாத்தேன், கூப்படாத ஊட்டுக்கு நானா எப்படீங்க வர்றேன்னு சொல்றது. உங்களுக்கு முழங்கால் வலி என்று அபிராமி சொன்னாளே என்றேன். மழை நாள்ல ஒருக்கா வலிச்சுதுன்னு அருளுகிட்டச் சொன்னேனுங்க, அதைப் புடிச்சுக்கிட்டு எனக்குக் காலே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க போலிருக்குது என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உன் மாமியாருக்குக் கிண்டல் வரும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. கிளம்பும்போது, இதைப் புள்ளைககிட்டச் சொல்லிராதீங்க சம்பந்தி என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டார். நான் வாக்கு மீறவில்லை, சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

நீ வேண்டுமென்று செய்ததில்லை என்று எனக்குத் தெரியும் சாமி. அவர் முழங்கால் வலியோடு சிரமப்படக் கூடாது என்று நீ கேட்கவில்லை, நீங்கள் சங்கடப்படக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. உங்கம்மா பேரக்குழந்தையை விட்டு வர மனசில்லாதவள் போல நடந்துகொள்கிறாள், நான் காது ஆறிவிட்டது என்கிறேன். இப்படி எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது பண்ணிக்கொண்டு, ஒருத்தர்கூட ஒழுங்காக இருக்கவில்லை. நீ இந்தக் கடிதம் படித்த அன்றைக்கே உன் அத்தைக்குப் போன் போடு. மாப்பிள்ளை போடக் கூடாது, நீ போட வேண்டும். அத்தை, நான் வேலைக்குத் திரும்பறேனுங்க, நீங்க வந்து பாப்பாவைப் பாத்துக்கிட்டாத்தான் எனக்கு நிம்மதிங்க என்று நீயாகக் கேள். நான் அங்கே போனதையோ கடிகாரத்தையோ மூச்சு விடாதே. வந்தபின் சமையல் உப்பில்லை காரமில்லை என்று முகம் சுளிக்காதே, உன் அப்பன் இங்கே குக்கர் கஞ்சி குடித்துக்கொண்டு நல்லாத்தான் இருக்கிறான் என்பதை நினைத்துக்கொள். உங்கம்மா கார்த்திகையில் கிளம்பும் முன்பே அவர் வந்து சேர்ந்துவிட்டால், பாப்பா இரண்டு பேர் மடியையும் பழகிக்கொள்ளும்.

டிக்கெட்டைத் தள்ளிப் போடாதே அபிராமி. அம்மாவைக் கார்த்திகையில் அனுப்பி வை. இதில் கிண்டல் இல்லை. உங்கம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே, ஸ்பீக்கரிலும் சொல்லாதே. கண்ணாடி உடைந்ததையும் சொல்ல வேண்டாம், உடைந்தால் ஆகாது என்று பயந்துகொள்வாள். புதுக் கண்ணாடி வாங்கி, சுவரில் புது ஆணி அடித்து மாட்டிவிட்டேன். பழைய அம்பை மட்டும் சில்லிலிருந்து அலுங்காமல் எடுத்துப் புதுக் கண்ணாடியில் அதே இடத்தில் ஒட்டியிருக்கிறேன். சட்டத்துக்கு விரோதம்தான், அவள் வந்து கேட்டால் பார்த்துக்கொள்கிறேன்.

பாப்பாவுக்குக் காலையில் கொஞ்சம் வெயில் காட்டு, தலைக்குக் குல்லாய் போடாமல் வெளியே தூக்காதே. மாப்பிள்ளை பனியில் கார் ஓட்டும்போது மெதுவாகப் போகச் சொல். நீயும் பாப்பா தூங்கும்போது தூங்கு, போனை நோண்டாதே. அவிநாசியப்பன் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், பாப்பா நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும். எள்ளுருண்டையில் உங்கம்மாவுக்குப் பாதி எடுத்து வை, கேட்க மாட்டாள், ஆனால் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. முதல் பக்கத்தில் டிக்கெட்டைப் பற்றி நீ கேட்டதை எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரிக்குப் பக்கத்தில் அம்மாவின் சுருளிலிருந்து ஒரு அம்பு கிழித்து ஒட்டியிருக்கிறேன். குறை அங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டை அப்படியே விட்டு, அத்தையைக் கூப்பிட்டுச் சரி பண்ணிவிட்டு அந்தத் தாளை மட்டும் மடித்து உங்கம்மா பெட்டியில் போட்டு அனுப்பு. நீ உரிக்காதே. அவள் இங்கே வந்து பார்த்து உரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ராசப்பன்